பிறப்பு தெரியவில்லை

ராயபுரம், சென்னை
7 ஜனவரி 2025

வடசென்னைச் சொற்களுக்கு அகராதி போடும் ராமசெல்வி அம்மாவுக்கு,

வணக்கம். என் பெயர் ரஹீமுன்னிசா. ராயபுரத்தில் ஹார்பர் சுவரை ஒட்டிய தெருவில் கையுறை, ஹெல்மெட், கம்பூட்டு, கயிறு எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் புத்தகத்தைத் தெரியும். என் மகள் ரூஹி கல்லூரியில் தமிழ் படிக்கிறாள். போன வாரம் உங்கள் சோதனைப் பதிப்பைக் கொண்டுவந்து, "உம்மா, இதுல நம்ம வூட்டுப் பேரு கீது பாரு" என்று நீட்டினாள்.

பதினொன்றாம் பக்கம். நீங்கள் அச்சடித்ததை அப்படியே திருப்பி எழுதுகிறேன்:

«அத்தாவுல்லா காட்டு: வேலைக்குப் பயந்து நழுவு, கடைசி நேரத்தில் பின்வாங்கு. "இன்னா, அத்தாவுல்லா காட்டுறியா?" (மணலி, 2004). பிறப்பு தெரியவில்லை.»

ஏன் தெரியவில்லை? மண்ணடியில் பிறந்தார், 1938-இல். அவர் என் வாப்பா. ஹார்பரில் முப்பத்தோரு வருடம் சிக்னல்மேன். கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, கிரேன் ஓட்டுகிறவருக்கும் கீழே சரக்கு அறைக்குள் இருக்கிற ஆட்களுக்கும் நடுவே கையால் சைகை காட்டுகிற வேலை. கிரேன்காரருக்குக் கீழே இருப்பது தெரியாது, கீழே இருப்பவனுக்கு மேலே வருவது தெரியாது. இருவருக்கும் கண் என் வாப்பாதான்.

தெருவில் இந்தப் பேச்சு புழங்குவது எனக்குத் தெரியாததில்லை. விருந்துக்கு வருகிறேன் என்று சொல்லி வராதவன், சண்டைக்குப் போய்ப் பாதியில் திரும்பியவன், எல்லாரும் "அத்தாவுல்லா காட்டிட்டான்". இதனாலேயே என் தம்பி ஜுபைர் ஒருவன் பல்லை உடைத்துப் பள்ளிக்கூடம் மாறினான். வாப்பா சண்டை போடவில்லை. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் "ஏ. உல்லா" என்பார். 2011-இல் கடைசியாகச் சேர்த்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ஏ. உல்லாதான். தன் பெயரை முழுசாகச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

தெருவில் பேசுவது காற்றோடு போகும் என்று இத்தனை வருடம் பொறுத்தேன். நீங்கள் அதை அச்சில் ஏற்றுகிறீர்கள். உடனே எடுத்துவிடுங்கள்.

ரூஹி உங்கள் போன் நம்பரும் தேடித் தந்தாள். போனில் பேசினால் ஒன்று கோபம் ஆறிவிடும், இல்லாவிட்டால் வாய் தடித்துவிடும். இரண்டும் எனக்கு வேண்டாம். "திருத்தங்களை எழுத்தில் அனுப்புக" என்று நீங்களே கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
அத்தாவுல்லா மகள் ரஹீமுன்னிசா


பாளையங்கோட்டை
18 ஜனவரி 2025

மதிப்புக்குரிய ரஹீமுன்னிசா அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரிக்கு வந்ததும் உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தேன். இரண்டு முறை படித்தேன். உங்கள் மனம் புண்பட்டதற்கு வருந்துகிறேன்.

ஆனால் சொல்லை நீக்க முடியாது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதைவிட நேராகச் சொல்லிவிடுவது நல்லது. மக்கள் பேசுவதைத்தான் அகராதி எழுதிக்கொள்கிறது. ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு சொல்லை எடுத்தால், நாளைக்கு இன்னொருவர் இன்னொன்றை எடுக்கச் சொல்வார். எங்கள் பேச்சு முழுவதையுமே எடுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். "எங்கள்" என்று எழுதியது கை தவறி இல்லை. நான் விம்கோ நகரில் வளர்ந்தவள். அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார்.

சொற்களின் பொருள் இறங்குவதும் ஏறுவதும் புதிதில்லை. நாற்றம் என்பது ஒரு காலத்தில் நல்ல மணம். இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் மூக்கைப் பிடிக்கிறோம். பேஜாரு என்பது உருதுவில் சலிப்பு, வடசென்னைக்கு வந்தபின் தொல்லை. யாரும் கூட்டம் போட்டு இதையெல்லாம் முடிவு செய்வதில்லை. ஆளுக்கு ஆள் வாய் மாறும்போது பொருளும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது.

நான் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்தச் சொல்லுக்கு வேறு ஒரு முதற்பொருள் இருந்தது என்றால், சான்றோடு கொடுங்கள், சேர்க்கிறேன். எங்கள் விதிப்படி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் அந்தப் பொருள் வழங்கியிருக்க வேண்டும். ஊர், ஆண்டு, சொன்னவர் பெயர் மூன்றும் வேண்டும். மகள் சொல்வதை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது. மன்னிக்கவும். மார்ச் 20 அன்று பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன.

அன்புடன்,
ராமசெல்வி


ராயபுரம்
24 ஜனவரி 2025

ராமசெல்வி அம்மாவுக்கு,

நாற்றம் ஒரு காலத்தில் நல்ல மணம் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. பூவுக்கு மகள் இல்லை, வந்து உங்களிடம் கேட்க. என் வாப்பாவுக்கு நான் இருக்கிறேன்.

மகள் சொன்னால் செல்லாதாம். என் வாப்பாவைப் பற்றி எவனோ ஒருவன் மணலியில் நின்று சொன்னது செல்லுமாம். நல்ல விதி. உங்கள் விதியைத் தயாரித்தவர் யாராக இருந்தாலும் எங்கள் கடைப்பக்கம் வர வேண்டாம்.

நான் கடைக்காரி. சரக்கு சரியில்லை என்று சொன்னால் அழுதுகொண்டு உட்காரமாட்டேன், வேறு சரக்கு கொண்டுவருவேன். இரண்டு இடம், ஊர், ஆண்டு, பெயர். கொண்டுவருகிறேன். கிடைத்தபின் வேறு விதி சொன்னால், ரயிலேறி உங்கள் கல்லூரி வாசலுக்கே வந்துவிடுவேன்.

அதற்கு முன் நீங்கள் எனக்கு ஒன்று தர வேண்டும். "இன்னா, அத்தாவுல்லா காட்டுறியா?" மணலியில், 2004-இல், அதைச் சொன்னவன் யார்? யாரிடம் சொன்னான்? எதற்குச் சொன்னான்? எனக்குப் பெயர் கேட்கிற உங்கள் விதி, உங்களுக்கும் உண்டுதானே? அந்த ஆளிடம் நேரில் போய், எங்கே கேட்டுப் படித்தாய் என்று கேட்கப் போகிறேன். ஒரு கண்ணியைப் பிடித்தால் சங்கிலி முழுவதும் வரும்.

ரஹீமுன்னிசா


பாளையங்கோட்டை
1 பிப்ரவரி 2025

மதிப்புக்குரிய ரஹீமுன்னிசா அவர்களுக்கு,

நீங்கள் தேட முடிவு செய்தது மகிழ்ச்சி. அந்த மணலி வாக்கியத்தைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம். அது எழுதப்பட்ட அட்டை என்னிடம் இருக்கிறது. சொன்னவர் பெயர், சொல்லப்பட்டவர் பெயர் இரண்டும் அதில் இருக்கின்றன. அவற்றை அச்சிடாமல் விட்டது என் முடிவு. அதில் பொய் ஏதும் இல்லை என்று நம்பிக்கொள்ளுங்கள்.

தேடும்போது ஒரு முறையைக் கைக்கொள்ளுங்கள். நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. யாரிடமும் போய், "அத்தாவுல்லா காட்டு என்றால் என்ன?" என்று கேட்காதீர்கள். கேட்டால், நீங்கள் என்ன பதிலுக்கு ஆசைப்படுகிறீர்கள் என்று உங்கள் முகத்திலேயே படித்து அதையே சொல்வார்கள். நீங்கள் யார் மகள் என்றும் முதலில் சொல்ல வேண்டாம். பொருளைக் காட்டி, பெயரைக் கேளுங்கள். சைகை என்றால் சைகையைச் செய்து காட்டி, இதற்கு உங்களிடம் என்ன பேர் என்று கேளுங்கள். அவர்கள் வாயிலிருந்து அந்தச் சொல் தானாக வர வேண்டும். வந்தால் அதுதான் சான்று.

ராமசெல்வி


ராயபுரம்
13 பிப்ரவரி 2025

ராமசெல்வி அம்மாவுக்கு,

நீங்கள் சொன்ன முறைப்படி செய்தேன். ஐம்பத்து நான்கு வயதில், புர்கா போட்டுக்கொண்டு, தண்டையார்பேட்டை டீக்கடை வாசலில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைத்து நின்றேன். டீ மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ரூஹி நான்கு கடை தள்ளி, எனக்குச் சொந்தமில்லாதவள் மாதிரி நின்றாள். உங்கள் மாணவர்கள் இதை எப்படிச் செய்கிறார்களோ.

முதல் ஆள், அந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்த சௌக்கத் அலி. கிரேன் ஓட்டியவர், இப்போது எழுபத்தெட்டு வயது. என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "அது அத்தாவுல்லா. வேற இன்னா?" என்றார். யார் மகள் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு, "அப்படின்னா?" என்றேன்.

அவர் சொன்னது இது. 1984-இல் இரும்புத் தகடு ஏற்றி வந்த ஒரு கப்பல். சரக்கு அறையின் அடியில் எட்டுப் பேர். தகட்டுக் கட்டு கிரேனில் பாதியில் தொங்கும்போது, கம்பி வடத்தில் ஒரு இழை அறுந்திருப்பதை வாப்பா பார்த்தார். ஒரு கையைத் தூக்கினால் வெயிலில் கிரேன்காரருக்குத் தெரியாது, கீழே இருட்டில் இருப்பவனுக்கும் தெரியாது. அதனால் இரண்டு கையையும் மேலே தூக்கிக் குறுக்கே வைத்துக் கத்தினார். கிரேன் நின்றது. எட்டுப் பேரும் ஓரத்துக்கு ஓடினார்கள். அடுத்த நிமிஷம் வடம் அறுந்து கட்டு கீழே போனது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "அன்னிலேர்ந்து எங்க கேங்குல அதான் சட்டம். எவன் காட்னாலும் கிரேன் நிக்கணும். காரணம் அப்புறம் கேக்கணும். டவுட்டா கீதா? அத்தாவுல்லா காட்டு. அவ்ளோதான்" என்றார்.

இந்த வயது வரைக்கும் இந்தக் கதை எனக்குத் தெரியாது. வாப்பா வீட்டில் சொல்லவே இல்லை.

இரண்டாவது ஆள் திருவொற்றியூரில் வேதமாணிக்கம். அதே கேங்கின் மேஸ்திரி. அவரும் கையைப் பார்த்ததும் அதே பெயரைச் சொன்னார், அதே 1984-ஐச் சொன்னார். நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல், "அப்ப எப்படிங்க அது கெட்ட வார்த்தை ஆச்சு?" என்று கேட்டேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, "நீ பாய் பொண்ணாம்மா?" என்றார். தலையை ஆட்டினேன்.

"தொண்ணூத்தி ஒண்ணு. ஒரே வாரத்துல மூணு தபா காட்டிட்டாரு. மூணு தபாவும் எறக்கிப் பாத்தோம், வடம் நல்லாத்தான் கீது. கப்பல் லேட்டு, எங்க ஷிப்டு வேஸ்டு. மூணாவது தபா நான்தாம்மா கத்தினேன். இன்னா பாய், சும்மா சும்மா காட்டிகினு கீற, பயமா இருந்தா வூட்டுக்குப் போன்னு. அப்பாலேர்ந்து எவனாவது வேலைல பம்மினா, பாரு அத்தாவுல்லா காட்றான்னு சொல்லுவேன். எல்லாருக்கும் சிரிப்பு. பசங்க புடிச்சிகினாங்க. ஹார்பர் தாண்டிப் பூடுச்சி. எனக்கே அப்புறம் நிறுத்தத் தெரியல."

நான் கேட்டேன், "அந்த மூணு தடவையும் வடத்துல நிஜமாவே ஒண்ணும் இல்லையா?"

"யாருக்குத் தெரியும்மா? நிறுத்திட்டோமே. ஒண்ணும் விழலையே" என்றார்.

அம்மா, அங்கேயிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது இதையேதான் யோசித்தேன். 1984-இல் கட்டு விழுந்தது, அதனால் நல்ல பெயர். 1991-இல் ஒன்றும் விழவில்லை, அதனால் கெட்ட பெயர். விழாத கட்டுக்கு எவன் சாட்சி சொல்வான்? வாப்பா இரண்டு தடவையும் செய்தது ஒரே வேலைதான்.

வேதமாணிக்கத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசல் வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இரண்டு சான்று ஆயிற்று. ஊர், ஆண்டு, பெயர் எல்லாம் கொடுத்துவிட்டேன். இனி உங்கள் முறை. மணலிக்காரன் யார்? மறுபடியும் கேட்கிறேன்.

ரஹீமுன்னிசா


பாளையங்கோட்டை
20 பிப்ரவரி 2025

அன்புள்ள ரஹீமுன்னிசா அக்கா,

என் முப்பது மாணவர்களில் ஒருவர்கூட இவ்வளவு சுத்தமாகச் சான்று எடுத்ததில்லை. இருந்தும், உங்களை மறுபடி கோபப்படுத்தப் போகிறேன். சௌக்கத் அலியும் வேதமாணிக்கமும் ஒரே கேங்கில் வேலை பார்த்தவர்கள். எங்கள் கணக்கில் அது ஒரே இடம். அந்தப் பொருள் அந்தக் கேங்கைத் தாண்டி வெளியே வழங்கியதற்கு இன்னொரு இடம் வேண்டும். விதியை உங்களுக்காக வளைத்தால், நாளை இந்தப் பதிவை எவனாவது ஒருவன் சுலபமாக ஊதித் தள்ளிவிடுவான். உங்கள் வாப்பாவுக்கு அது வேண்டாம்.

மணலி அட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். இதோ எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை மூன்று நாளாகக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன்.

என் அண்ணன் பெயர் அருள்பிரகாசம். மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவுவது. 2004 ஆகஸ்டில் ஒரு தொட்டிக்குள் இறங்கச் சொன்னார்கள். ஏணியில் இரண்டு படி இறங்கியவன் திரும்ப மேலே வந்து, "அண்ணே, உள்ள வாடை சரியில்ல" என்றானாம். மேலே நின்ற கண்காணி சிரித்துக்கொண்டே, "இன்னா, அத்தாவுல்லா காட்டுறியா?" என்றானாம். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துவிட்டு இறங்கினான். ஏறி வரவில்லை. அவனுக்கு இருபத்தொன்பது வயது.

பக்கத்தில் நின்ற ஒரு தொழிலாளி எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். நான் அப்போது தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை ஒரு அட்டையில் எழுதி வைத்தேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது. எதையாவது செய்ய வேண்டும்போல இருந்தது. இந்த அகராதியின் முதல் அட்டை அதுதான். மீதி நாலாயிரம் அட்டைகளும் அதன் பிறகு வந்தவை.

இப்போது தெரிகிறதா, ஏன் நீக்க மாட்டேன் என்றேன் என்று? என் அண்ணன் கடைசியாகக் கேட்ட பேச்சு அது. நீங்கள் எடுக்கச் சொன்னபோது, அவனையே எடுக்கச் சொன்னதுபோல எனக்குச் சுருக்கென்றது. விதி என்று சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் போன கடிதம் வந்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. இருபது வருடமாக அது வெறும் கேலி என்று நினைத்திருந்தேன். அந்தச் சொல்லின் அர்த்தமே "நில், கீழே ஆள் இருக்கிறான்" என்பதா? அன்று என் அண்ணன் செய்தது சரியாக அதுதானா? அவனைத் தடுத்து நிறுத்த உண்டான சொல்லையே சொல்லி அவனை உள்ளே அனுப்பினார்களா? இதை நான் எப்படித் தாங்குவது அக்கா? இன்னொரு சான்று கிடைக்க வேண்டாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

அப்படி நினைத்தது தப்பு. தேடுங்கள். விடாதீர்கள்.

ராமசெல்வி


ராயபுரம்
2 மார்ச் 2025

தங்கச்சி ராமசெல்விக்கு,

உன் கடிதம் வந்த அன்று கடையைப் பாதியிலேயே மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அண்ணனுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டேன். அதுதான் என்னால் முடிந்தது. "நீங்கள்" போட்டு இனி எழுத வரவில்லை, மன்னித்துக்கொள்.

அதன் பிறகு எட்டு நாள் அலைந்தேன். காசிமேடு, எண்ணூர், விம்கோ நகர். உன் அப்பா கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எல்லா இடத்திலும் கையைத் தூக்கிக் காட்டினேன். காசிமேட்டில் ஒருவர் "யோகாவா?" என்றார். எண்ணூரில் ஒரு அம்மா, யாரையோ சபிக்கிறேன் என்று நினைத்து விலகிப் போனாள். நல்ல பொருள் தெரிந்த ஒரு ஆள்கூட அகப்படவில்லை. எல்லாரிடமும் கெட்டதுதான் இருந்தது. தோற்றுவிட்டேன் என்று உனக்கு எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

நேற்று காலையில் கடைக்கு ஐந்து பேர் வந்தார்கள். எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் கன்டெய்னருக்குக் கயிறு கட்டுகிற வடநாட்டு ஆட்கள். கையுறை வேண்டும் என்றார்கள். மேல்தட்டில் இருந்தது. ஸ்டூலில் ஏறி எட்டி இழுத்தேன். எனக்குப் பின்னால் திடீரென்று ஒருவன் கத்தினான்: "அத்தாவுல்லா!"

என் கடைக்குள்ளேயே வந்து, என் வாப்பா பெயரைச் சொல்லி என்னைக் கேலி செய்கிறானா என்று ஆத்திரத்தோடு திரும்பினேன். அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றான். கண் என் மேல் இல்லை. எனக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற நான்கு பேரும் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றுவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன். தட்டின் ஒரு பக்கத்து ஆணி பிடுங்கிக்கொண்டு, ஹெல்மெட் பெட்டிகள் முழுசும் என் தலைப்பக்கம் சரிந்து நின்றன. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் தீர்ந்தது. அவனே வந்து பெட்டிகளைத் தாங்கிப் பிடித்தான். நான் இறங்கினேன்.

அவன் பெயர் சுக்ரா. ஜார்கண்ட்காரன். எனக்கு வண்ணாரப்பேட்டை ஹிந்துஸ்தானி கொஞ்சம் வரும், அவனுக்கு எண்ணூர்த் தமிழ் கொஞ்சம் வரும். "இது என்ன வார்த்தை?" என்று கேட்டேன். நான் கை காட்டவில்லை, பெயரும் சொல்லவில்லை, நீ நம்ப வேண்டும். அவன் சொன்னது: "அத்தாவுல்லா மத்லப், நில்லு. கீழே ஆளு கீது, நில்லு. பாரதீப்ல எல்லாம் இதான் சொல்றான்." பாரதீப் ஒடிசாவில் இருக்கிற துறைமுகம். 2016-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது கற்றுக்கொண்டதாம். அங்கே ரொம்ப காலம் முன்னால் கிரேன் ஓட்டிய ஒரு மதராஸ்காரர் கொண்டுவந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறான். அவர் யார் என்று இவர்களில் யாருக்கும் தெரியாது.

பிறகு சுக்ரா என்னையே கேட்டான், "எங்க ஊர்ல அது ஆளு பேரு. இங்க தமிழ்தானே இது?"

"ஆமா, தமிழ்தான்" என்றேன். ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். பாவம், அவர்கள் பயந்துவிட்டார்கள்.

ராமசெல்வி, இங்கே எல்லாரும் வாப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரைப் பார்த்தே இராதவர்கள், அவர் சொன்னதைச் சொன்னபடியே ஒடிசா வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த மதராஸ்காரருக்கு அல்லாஹ் நல்லது செய்யட்டும்.

நான் சொன்னால் செல்லாது என்று தெரியும். நீயே வா. யார்டில் முப்பது பேர் இருக்கிறார்களாம். உன் அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு வா. நீ இருபது வருடமாக மணலிப் பக்கம் கால் வைக்கவில்லை என்று உன் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நான் உன் பக்கத்திலேயே இருப்பேன்.

இன்னொன்று. முதல் கடிதத்தில் எடுத்துவிடு என்றேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கெட்ட பொருளும் இருக்கட்டும். அதை எடுத்தால், உன் அண்ணனிடம் அந்தக் கண்காணி கேட்டதும் போய்விடும். அப்படியெல்லாம் போகக் கூடாது. நல்லது முதலில், கெட்டது பின்னால், எது எப்போது ஆனது என்று வருடத்தோடு போடு. உன் அண்ணன் பெயரையும் போடு. என் வாப்பா தன் பெயரை ஒளித்து ஒளித்தே செத்தார். உன் அண்ணன் பெயரை நீ ஒளிக்காதே.

இன்று முதல் நோன்பு.

அக்கா,
ரஹீமுன்னிசா


பாளையங்கோட்டை
19 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். எண்ணூரிலிருந்து திரும்பும்போது ஆட்டோவை மணலி வழியாக விடச் சொன்னீர்கள் அல்லவா, அப்போது உங்கள் கையை ரொம்ப அழுத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். நோன்போடு அந்தப் புழுதியில் நாள் முழுக்க என்னோடு நின்றீர்கள். யார்டில் முப்பத்திரண்டு பேரிடம் எடுத்த அட்டைகளில் இருபத்தாறு ஒரே பொருளைச் சொல்கின்றன. பாரதீப்புக்கும் எழுதிக் கேட்டேன். அங்கிருந்தும் ஆமாம் என்று பதில் வந்துவிட்டது. இரண்டாம் இடம் உறுதி.

நாளை பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன. பதினொன்றாம் பக்கம் இப்படி இருக்கும்:

«அத்தாவுல்லா காட்டு: 1. ஆபத்து என்று தோன்றியதும், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்து, வேலையை நிறுத்து. "டவுட்டா கீதா? அத்தாவுல்லா காட்டு." (சென்னை ஹார்பர், 1984 முதல்; பாரதீப் வழியாக எண்ணூர், 2025). 2. பயந்து நழுவு, பின்வாங்கு (1991-க்குப் பின்). "இன்னா, அத்தாவுல்லா காட்டுறியா?" (மணலி, 2004, தொட்டிக்குள் இறங்க மறுத்த அருள்பிரகாசத்திடம் கேட்டது). பிறப்பு: அத்தாவுல்லா (1938–2011), சிக்னல்மேன், மண்ணடி.»

"மறுத்த" என்று போட்டிருக்கிறேன். இரண்டு படி இறங்கி மேலே வந்தானே, அது மறுத்ததுதான். இந்த ஒரு சொல்லைப் போட எனக்கு இருபது வருடமும் உங்கள் நான்கு கடிதங்களும் தேவைப்பட்டன.

நேற்று சாயங்காலம் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அண்ணனைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதே இல்லை. முழுவதையும் கேட்டாள். உங்கள் வாப்பா கதையையும் சொன்னேன், அந்த எட்டுப் பேர் கதையையும் சொன்னேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"அப்ப, எம் புள்ள பயந்துட்டு மேல வரல" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

"எப்படிக் காட்டுவாங்க அத?" என்று கேட்டாள். நான் எழுந்து காட்டப் போனேன். அதற்குள் அவளே கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைத்தாள். இடது தோள் வலி, முழுக்கத் தூக்க முடியவில்லை. இருந்தும் இறக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, அவன் முன்னால் நிற்பதுபோல, ரொம்ப நேரம் அப்படியே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உங்கள்,
ராமசெல்வி